மாவட்ட மனநலத் திட்டத்தில் தனி ஆளாக வேலை பார்க்கும் சைக்காலஜிஸ்ட் தன்னையும் சக ஊழியர்களையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் தொகுப்பூதியத்தில் இருக்கும் சைக்காலஜிஸ்ட் நீங்கள். வாரத்தில் நான்கு நாள் நான்கு தாலுகா மருத்துவமனைகள். ஓபி நாளில் நாற்பது பேருக்குக் குறையாமல் பார்க்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் நீங்கள் தொடர்ந்து பார்த்துவந்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை, நோயாளியோடு வரும் வீட்டாரிடம் சிடுசிடுக்கிறீர்கள். துறையில் ஒருநாள் யோகா வகுப்பு வைத்தார்கள். பக்கத்து மாவட்டங்களில் இருக்கும் உங்கள் பேட்ச் நண்பர்கள் நால்வரோடு வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்ளலாமா, அது உதவுமா, நோயாளி ரகசியம் வெளியே போகுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கு அடியில் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது: இதைத் தாங்க முடியாத நான் இந்த வேலைக்கு லாயக்குதானா என்பது. அதற்குத்தான் முதல் பதில். நாலு மணி நேர ஓபியில் நாற்பது பேர் என்றால் தலைக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்குள் ஒருவருடைய உயிராபத்தை எடைபோட வேண்டிய வேலை, கலந்து பேச ஆளில்லாமல் செய்தால் யாரையும் தேய்க்கும். நீங்கள் தேய்ந்திருப்பது வேலையைச் சரியாக எடுத்துக்கொண்டதற்கான அடையாளம். நால்வரோடு பேசும் யோசனை நல்லது, ஆனால் அரட்டையாக வைக்காமல் நேரமும் விதியும் உள்ள ஒரு சிறு குழுவாக வையுங்கள். அது எப்படி என்பதைத்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் உங்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் 'ஸ்ட்ரெஸ்' என்று ஒரே பையில் போட்டால் தவறான வைத்தியம்தான் செய்வோம். பர்ன்அவுட் என்ற சொல்லை 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தார். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். அதில் மூன்று கூறுகள்: உள்ளம் வறண்டு சோர்வது, எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் 'அடுத்த கேஸ்' ஆகத் தெரிவது, என்ன செய்து என்ன பலன் என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 இதை நோய் என்று சேர்க்கவில்லை, சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலை நெருக்கடியால் வரும் நிலை என்றுதான் குறிக்கிறது. இரண்டாவது, அடுத்தவர் பட்ட கொடுமையைக் கேட்டுக் கேட்டு நமக்கே அந்தக் காட்சிகள் வருவது, அந்த மாதிரிக் கேஸ்களைத் தவிர்க்கத் தோன்றுவது. இது மெல்லச் சேர வேண்டும் என்பதில்லை, ஒரே கேஸில் வரலாம். மூன்றாவது, துக்கம். பார்த்துவந்த நோயாளி இறந்தால் நமக்குத் துக்கம் வரும், ஆனால் நாம் துட்டிக்குப் போய் உட்காரும் உறவில்லை என்பதால் அதற்கு இடமே கிடைப்பதில்லை. நான்காவது, மனச்சோர்வு நோய். அதன் அறிகுறிகள் உங்களுக்கே தெரியும்.

உங்கள் எழுத்தை வைத்து முதல் மூன்றும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான்காவது இருக்கிறதா இல்லையா என்று எழுத்தைப் படித்து யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: நாலு நாள் லீவில் ஊருக்குப் போனால் பர்ன்அவுட் கொஞ்சம் இளகும். மனச்சோர்வு நோய் பெட்டியோடு கூடவே வரும், பிள்ளையைக் கொஞ்சினாலும் ஒட்டாது. இது உறுதியான பரிசோதனை இல்லை, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். ஆகவே கணக்கை இப்படி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பெரும்பாலான நேரம் மனம் விழுந்து கிடந்தால், பசி, தூக்கம், குற்றவுணர்வு மாறியிருந்தால், சாவு பற்றிய எண்ணம் ஒரே ஒருமுறை வந்திருந்தாலும்கூட, குழுவுக்குக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் டீமின் மருத்துவரிடம் போக வேண்டாம், அவர் நாளை உங்கள் வேலையை மதிப்பிடுபவர். பக்கத்து மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்லது. இரவில் நெருக்கடி என்றால் நீங்கள் நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் அதே 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், உங்களுக்கும் உரியது. பார்மசியில் தெரிந்தவரிடம் வாங்கி அல்ப்ராசோலம், குளோனாசிபாம் போட்டுத் தூங்கும் வழக்கம் நம் துறையில் உண்டு, பேசத்தான் மாட்டார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் அது தொடர்ந்தால் பழக்கமாகிவிடும் ஆபத்து இருக்கிறது, நிறுத்தும்போது பழைய தூக்கமின்மை இன்னும் வேகமாகத் திரும்பும்.

இனி தனி ஆளாகச் செய்யக்கூடியவை. உறங்கு, உண், நட என்ற வழக்கமான பட்டியலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே தினம் சொல்கிறீர்கள். ஓபிக்குள் செய்யும் சின்ன மாற்றங்களில் பலன் அதிகம் என்பது என் கருத்து. முதல் முறை வரும் விரிவான நேர்காணல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்காதீர்கள். வன்முறை, இழப்பு என்று கனமான ஒரு நேர்காணல் முடிந்ததும் ஃபாலோ-அப் நோயாளிகள் இருவர் மூவரைப் பார்த்துவிட்டு அடுத்த புதியவரைக் கூப்பிடும்படி டோக்கனை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நர்ஸ் ஒருவர் ஒத்துழைத்தால் போதும். கேஸ் ஷீட்டை அந்த நோயாளி எழுந்ததுமே எழுதி மூடுங்கள். மாலையில் சேர்த்து எழுதினால் நாற்பது பேரையும் இரண்டாம் முறை பார்ப்பதற்குச் சமம். எழுதாமல் வைத்திருக்கும் ஒவ்வொன்றும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு நோயாளி வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு துண்டுத்தாளில் மூன்று கேள்விகள்: இன்றைக்குப் பார்த்தவர்களில் இன்றிரவு யாரைப் பற்றிக் கவலை? அவருக்கு நான் செய்தது என்ன? இனி யார் பொறுப்பு? மூன்றாவதில் உங்கள் பெயர் மட்டுமே இருந்தால் அதை அங்கேயே மாற்ற வேண்டும். வீட்டில் ஒருவரிடம் மாத்திரையும் பூச்சிமருந்தும் பூட்டிவைக்கும் பொறுப்பைக் கொடுத்தாயிற்றா, நெருக்கடியில் கூப்பிட நோயாளியிடம் இரண்டு ஆட்களின் எண்ணும் 14416-உம் 104 சுகாதார உதவி எண்ணும் எழுத்தில் இருக்கிறதா, மருத்துவருக்குத் தகவல் போயிற்றா என்று பார்த்து, இல்லையென்றால் அப்போதே போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து 'அவரிடம் அதைச் சொன்னோமா' என்று உழல்வதில் பெரும்பகுதி இந்தப் பதினைந்து நிமிடத்தில் தீரும். அந்தத் தாளில் பெயர் எழுதாமல் ஓபி எண்ணை மட்டும் எழுதி, வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

போன் எண் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். சொந்த எண்ணை நோயாளிக்குக் கொடுப்பது இரக்கத்தால் செய்வது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு நீங்கள் எடுக்காமல் விட்ட ஒரு அழைப்பு உங்களையும் அவரையும் சேர்த்தே பாதிக்கும். வேலைக்குத் தனி சிம், அதற்கு நேரம், 'மாலை ஆறுக்கு மேல் இந்த எண்ணில் யாரும் எடுக்கமாட்டார்கள், அவசரத்துக்கு 14416' என்று அச்சடித்த சீட்டு. முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நடுவில் மாற்றினால்தான் கைவிட்டதாக உணர்வார்கள்.

யோகா வகுப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். யோகா உடம்புக்கு நல்லது, பிடித்தால் செய்யுங்கள். ஆனால் வேலையின் பாரத்துக்கு அதை மருந்தாகத் தருவதற்குச் சான்று மெலிது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புத் தரவை ஆக்ஸ்போர்டின் வில்லியம் ஃப்ளெமிங் அலசி 2024-ல் வெளியிட்டார். ரிசிலியன்ஸ் எனும் மன உறுதிப் பயிற்சி, மைண்ட்ஃபுல்னஸ் எனும் கவனப் பயிற்சி, மனநல ஆப் என்று எதில் கலந்துகொண்டவர்களும் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. விதிவிலக்காகத் தெரிந்தது தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டும். இது ஒரே நேரத்தில் எடுத்த கணிப்பு, மனநலத் துறையினர் மட்டும் இருந்ததும் அல்ல. ஆகவே காரணம் இது, விளைவு இது என்று அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் தனிநபர் பயிற்சிக்குச் சிறிய பலனும், வேலை நேரம், பணிப்பகிர்வு போன்ற நிர்வாக மாற்றங்களுக்கு அதைவிடக் கூடுதல் பலனும் கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலும் நிறுவனம் செய்ய வேண்டியதையும் மேலாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சியையும் பேசுகிறது. வகுப்பு வைத்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று துறை நினைத்தால் அது தவறு என்று தைரியமாகச் சொல்லலாம்.

சரி, சக ஊழியர் குழுவுக்கு மட்டும் சான்று இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 74 மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடந்து 2014-ல் வெளியானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், ஒன்பது மாதத்தில் 19 அமர்வுகள், வழிநடத்துபவரோடு சிறு குழுவாகப் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரம் சம்பளத்தோடு டூட்டியில் ஒதுக்கப்பட்டது. நோயாளியை ஆளாகப் பார்க்காமல் போவது குறைந்தது, வேலையில் அர்த்தம் கூடியது, ஓராண்டு கழித்தும் அது நின்றது. அதே ஆய்வில் மனச்சோர்வு அறிகுறிகளிலும் பொதுவான நெருக்கடியிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அவர்கள் பொது மருத்துவர்கள், பணக்கார மருத்துவமனை. ஆகவே உங்கள் குழு உங்களைத் தனிமையிலிருந்தும் மரத்துப்போவதிலிருந்தும் காக்கும் என்று எதிர்பார்க்கலாம், மனச்சோர்வு நோயைக் குணப்படுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. லண்டனில் 1953-ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பில், தற்கொலை எண்ணத்தோடு பேசுபவர்களின் அழைப்பை எடுக்கும் தன்னார்வலர் தன் ஷிஃப்ட் முடிந்ததும் அன்றைக்குக் கேட்டதை ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் இறக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவர்கள் இதைச் சலுகையாக வைக்கவில்லை, வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படி எதுவும் கட்டமைக்கப்படவில்லை, அதைத்தான் நீங்கள் ஐந்து பேரும் செய்யப்போகிறீர்கள்.

ஐந்து பேர் நல்ல எண்ணிக்கை. நான்குக்குக் கீழே போனால் இருவர் வராத நாளில் குழு இல்லை, எட்டுக்கு மேல் போனால் பேசாமலே போகிறவர்கள் வருவார்கள். ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாகவோ, வேலை நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுபவராகவோ இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை என்று ஆரம்பிக்காதீர்கள், முகாம், ரிவ்யூ மீட்டிங் என்று இரண்டு வாரத்தில் குலையும். மாதத்தில் முதல், மூன்றாம் வாரம், குறிப்பிட்ட ஒரு கிழமை, 75 நிமிடம். முதலில் ஆறு அமர்வுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். ஒருவர் குறைந்தால் நடத்துங்கள், மூவர் குறைந்தால் தள்ளிவையுங்கள். முறை வைத்து ஒவ்வொரு அமர்வுக்கும் ஒருவர் நடத்துநர், இன்னொருவர் நேரம் பார்ப்பவர். நடத்துபவர் அன்றைக்குத் தன் கேஸைச் சொல்லக் கூடாது.

அமர்வு எப்படிப் போக வேண்டும் என்பதற்கு, 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களோடு நடத்திய குழுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஐந்து பேருக்குச் சுருக்கிக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் வரிசையாக ஆளுக்கு இரண்டு நிமிடம்: தூக்கம் எப்படி, உடம்பு எப்படி, இந்த இரண்டு வாரத்தில் கனமான ஒன்று எது. இதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. அடுத்து ஒருவர் ஒரு நோயாளியைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசுவார், கேஸ் ஷீட் கையில் இல்லாமல். ஷீட் இருந்தால் நோய்க் குறிப்பைத்தான் படிப்போம், இல்லாவிட்டால்தான் நமக்கு எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது வெளியே வரும். பிறகு ஐந்து நிமிடம் தகவல் கேள்விகள் மட்டும். அதன்பின் பேசியவர் மைக்கை அணைத்துவிட வேண்டும். மற்ற நால்வர் இருபது நிமிடம் தங்களுக்குள் பேசுவார்கள்: கேட்கும்போது எனக்கு என்ன தோன்றியது, அந்த நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும், அவர் முன் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும். 'இதைச் செய்திருக்கலாம்' என்ற ஆலோசனை இந்த இருபது நிமிடத்தில் கிடையாது. பேசியவர் திரும்பி வந்து, எது பட்டது, எது படவில்லை என்று எட்டு நிமிடம் சொல்வார். மீதி நேரத்தில் பதினைந்து நிமிடம் நடைமுறைக் கேள்விகள்: எந்த மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் போதை மீட்பு மையத்தை நம்பி அனுப்பலாம். கடைசி ஐந்து நிமிடம், இன்றைக்கு யாராவது கனத்தோடு போகிறார்களா என்று பார்ப்பது. அப்படி ஒருவர் இருந்தால் நாளைக் காலை அவருக்கு யார் போன் செய்வார் என்று அங்கேயே முடிவாக வேண்டும்.

மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பது முதல் இரண்டு முறை எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கும். குறுக்கே வந்து 'இல்ல, நான் அதையும் கேட்டேன்' என்று தன்னைக் காத்துக்கொள்ள மனம் துடிக்கும். அந்தத் துடிப்பு அடங்கும்போதுதான் பயன் ஆரம்பிக்கிறது. ஒரு வடிவம் சொல்கிறேன், எந்த ஒரு நோயாளியையும் குறிப்பதல்ல. ஒரு கணவர், ஒவ்வொரு முறையும் மனைவியை இழுத்துவந்து 'இவளுக்கு மாத்திரை மட்டும் கொடுங்க' என்கிறார். பேசுபவர் அவர்மேல் எரிச்சலோடு சொல்கிறார். நால்வரில் ஒருவர், 'எனக்கு அந்த ஆள்மேல கோபம் வரல, பயந்த ஆள் மாதிரி தெரியுது' என்கிறார். இன்னொருவர், 'நமக்கே ஆறு நிமிஷம்தான் இருக்கு, நாமளும் மாத்திரை மட்டும்தானே கொடுக்கறோம்' என்கிறார். இதைக் கேட்டபிறகு அந்தக் கணவர் அடுத்த ஓபிக்கு வரும்போது வேறு ஆளாகத் தெரிவார். யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை.

ரகசியம் பற்றிய உங்கள் கவலை சரியானது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 23, நோயாளியின் மனநலம், சிகிச்சை, உடல்நலம் பற்றிய தகவல்களுக்கு ரகசிய உரிமை தருகிறது. சிகிச்சை அளிப்பதற்காக மற்ற துறையினரோடு பகிர்வது, பிறருக்கோ அவருக்கோ ஆபத்தைத் தடுப்பது போன்ற விலக்குகளும் அதில் உண்டு. நான் வழக்கறிஞர் இல்லை. என் வாசிப்பில், வேறு மாவட்டத்து நண்பர்களோடு நம் மனபாரத்துக்காகப் பேசுவதை 'சிகிச்சைக்காக' என்ற விலக்கில் வசதியாக அடக்க முடியாது. ஆகவே ஆள் தெரியாதபடி பேசுவதுதான் ஒரே வழி. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, நம் ஊர்களில் 'போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறவர் மருமக' என்றாலே ஆள் தெரிந்துவிடும். ஊர், சாதி, அரிதான தொழில், பேப்பரில் வந்த சம்பவம் எதுவும் வேண்டாம். வயதை 'முப்பதுகளில்' என்று சொல்லுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பாலினத்தையும் தேவையில்லை என்றால் மாற்றுங்கள். பேப்பரில் வந்த கேஸ் என்றால் இந்தக் குழுவில் பேசவே கூடாது. வாட்ஸ்அப் குழு தேதி சொல்வதற்கு மட்டும். நோயாளி பற்றி ஒரு வரி, ஒரு குரல் பதிவு, மருந்துச் சீட்டின் போட்டோ எதுவும் அதில் போகக் கூடாது. வீடியோ அழைப்பில் பதிவு வேண்டாம், இயர்போன் கட்டாயம், கதவு மூடிய அறை, பஸ்ஸிலிருந்து கலந்துகொள்ளக் கூடாது. இன்னொன்று: குழந்தைக்குப் பாலியல் வன்முறை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி புகாரளிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. குழுவில் பேசி ஆற்றிக்கொண்டதால் அந்தக் கடமை தீராது.

இப்படிப்பட்ட குழுக்கள் எதனால் நின்றுபோகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதிகம் நடப்பது, அதிகாரிகளைத் திட்டும் இடமாக மாறுவது. திட்டுவதில் நியாயம் இருக்கும், சம்பளம் வந்து மூன்று மாதமான ஆள் திட்டாமல் என்ன செய்வார்? ஆனால் எழுபத்தைந்து நிமிடமும் அதுவே ஆனால் வந்ததைவிடச் சோர்ந்து போவார்கள். அதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்கி, அதன் முடிவில் 'இதில் நாம் எழுதிக் கேட்கக்கூடியது எது' என்று ஒரு வரி எடுத்துக்கொண்டு நகருங்கள். அடுத்தது, ஒருவர் எப்போதும் ஆறுதல் சொல்பவராகவும் இன்னொருவர் எப்போதும் அழுபவராகவும் உறைந்துபோவது. முறை வைத்துப் பேசினால் இது குறையும், தன் முறையை மூன்றுதடவை தட்டிக்கழிப்பவரை நடத்துநர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மூன்றாவது, கொடூர விவரங்களைக் கொட்டுவது. கேட்கும் நால்வரும் அதைச் சுமந்துகொண்டு போவார்கள். விவரத்தைச் சொல்லாமலே பாரத்தைச் சொல்ல முடியும். தனியாகப் போன் செய்யும்போதும், 'அக்கா, கனமான விஷயம் ஒண்ணு இருக்கு, இப்ப கேக்கற நிலைமையில இருக்கீங்களா?' என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். 'இப்ப முடியாதுப்பா, எட்டு மணிக்குக் கூப்பிடறேன்' என்று பதில் வந்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு மணிக்குக் கூப்பிடத்தான் வேண்டும். நான்காவது, குழுவிலேயே ஒருவர் ஆபத்தான நிலையில் இருப்பது. அப்போது என்ன செய்வது என்று முதல் அமர்விலேயே பேசி வையுங்கள்: ரகசியம் அங்கே நிற்காது, குடும்பத்தில் யாருக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயரும் எண்ணும் கொடுத்திருக்க வேண்டும். நாம் ஒருவருக்கொருவர் தெரபிஸ்ட் ஆகிவிடக் கூடாது.

உங்கள் நோயாளியின் சாவுக்கு வருகிறேன். 1988-ல் அமெரிக்காவில் கெம்டாப் குழுவினர் வெளியிட்ட கணக்கெடுப்புகளில் மனநல மருத்துவர்களில் 51 சதவீதம் பேரும் சைக்காலஜிஸ்டுகளில் 22 சதவீதம் பேரும் தங்கள் நோயாளி ஒருவரைத் தற்கொலையில் இழந்திருந்தார்கள். இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது இதனால் உறுதி. உறுதியான இன்னொன்று, எந்த மதிப்பீட்டுத் தாளாலும் குறிப்பிட்ட ஒருவர் சாவாரா மாட்டாரா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க அத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள் என்றே சொல்லியிருக்கிறது. இன்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் 'அறிகுறிகள்' முடிவு தெரிந்தபின் தெளிவானவை. அன்றைய கேஸ் ஷீட்டில் அன்றைக்குத் தெரிந்தது மட்டும்தான் இருக்கும், அதை வைத்து மட்டும் உங்களை எடைபோடுங்கள். நீங்கள் செய்ததில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரிய வழியில்லை. குறையைத் தேடுவது ஒரு கூட்டம், உங்கள் நலம் விசாரிப்பது வேறு கூட்டம். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆட்களோடு நடந்தால் இரண்டும் கெடும்.

உங்கள் ஐவரில் வேறு ஒருவருக்கு நாளை இது நடந்தால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வையுங்கள். செய்தி வந்த அன்று அவர் தனியாக ஓபி பார்க்கக் கூடாது. சொல்ல வேண்டியது, 'மேடம், மதியம் மேல இருக்கற பதினஞ்சு பேர நான் போன்ல ஃபாலோ-அப் பண்ணிக்கறேன், நீங்க சாப்பிட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க' போன்ற கைவேலை. 'எல்லாம் சரியாயிடும்', 'நீங்க என்ன பண்ண முடியும்' இரண்டும் வாயை அடைக்கும் சொற்கள். கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, சேர்க்க வேண்டியது இருந்தால் அன்றைய தேதியும் நேரமும் போட்டுத் தனிக் குறிப்பாக எழுத வேண்டும். பயத்தில் திருத்துவதுதான் பின்னால் மிகப் பெரிய சிக்கலாக வரும். குடும்பத்தைப் பார்க்கப் போவதா என்பதை டீமின் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். போனால் இருவராகப் போய், வருத்தத்தைச் சொல்லி, கேட்பதைக் கேட்டுவிட்டு வர வேண்டும், விளக்கம் கொடுக்கப் போகக் கூடாது. அந்த வீட்டில் அடுத்து ஆபத்தில் இருப்பவர் யார் என்று கண் வைக்க வேண்டும். அன்றிரவே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை முதலிலிருந்து சொல்லவைக்கும் கட்டாய 'டிப்ரீஃபிங்' வேண்டாம். ஒரே அமர்வில் அப்படிச் செய்வது பிற்கால மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்று 2002-ல், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொன்னது. அதில் சேர்ந்த ஒரு தீக்காய ஆய்வில் 13 மாதம் கழித்து டிப்ரீஃபிங் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அவர்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்ட நோயாளிகள், ஊழியர்கள் அல்ல. அதனால் நம் விஷயத்தில் தீங்கு நிச்சயம் என்று சொல்லமாட்டேன், கட்டாயப்படுத்துவதற்கு நியாயமில்லை என்று மட்டும் சொல்வேன். பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவருக்குச் சாப்பாடும் துணையும் போதும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மேலே சொன்ன குழுமுறையில் அந்த நோயாளியைப் பேச அழைக்கலாம். உங்களுக்கு இப்போது இரண்டு மாதம் ஆகிறது. முதல் அமர்வில் வேண்டாம், குழு பழகிய பிறகு மூன்றாவதில் பேசுங்கள்.

கடைசியாக, இதை டூட்டி நேரத்துக்குள் கொண்டுவருவது. இரவு ஒன்பதரைக்கு, பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு உட்காரும் குழு நான்கு அமர்வு தாண்டாது, அதுவும் பெண்கள் அதிகமுள்ள நம் துறையில். மாவட்ட மனநல மருத்துவருக்கும் அவர் வழியாக இணை இயக்குநருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். 'மன அழுத்தம்', 'ஆதரவு' என்ற சொற்களால் ஆரம்பித்தால் தனிப்பட்ட பிரச்சினையாகப் படிப்பார்கள். 'மாவட்டங்களுக்கிடையே துறைசார் கலந்தாய்வு, மாதம் இருமுறை, மதியம் 2.30 முதல் 3.45 வரை, இணையவழி, செலவு இல்லை, ஆறு அமர்வுகளுக்குச் சோதனை முறையில்' என்று எழுதி, அந்த மாதப் பயண நிரலில் சேர்த்தே அனுப்புங்கள். பதிவேட்டில் தேதி, வந்தவர்கள், நேரம் மட்டும். கேஸ் விவரம் கேட்டால் பிரிவு 23-ஐக் காட்டி மறுக்கலாம். அதே கடிதத்தில் இன்னும் இரண்டை மட்டும் கேளுங்கள்: ஓபி நாளில் புதிய விரிவான நேர்காணலுக்கு ஒரு வரம்பு, நீங்கள் லீவில் இருக்கும்போது பார்க்க மாற்று ஆள். பத்துக் கேட்டால் எதுவும் வராது. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்குக் கேட்பதே பயம் என்பது தெரியும், அதனால் ஐந்து பேரும் ஐந்து மாவட்டத்திலிருந்து ஒரே வாசகத்தை ஒரே வாரத்தில் அனுப்புங்கள், தனி ஆளாகத் தெரியமாட்டீர்கள். அனுமதி வராவிட்டாலும் மதிய உணவு நேரத்தில் நாற்பத்தைந்து நிமிடமாகச் சுருக்கி நடத்தலாம். அப்போது நடைமுறைக் கேள்விகளை விட்டுவிட்டு, வரிசையாகப் பேசுவதையும் ஒரு கேஸையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது அமர்வு முடிந்ததும் ஆளுக்கொரு தாளில் மூன்றுக்குப் பதில் எழுதுங்கள்: வராமல் போகத் தோன்றிய அமர்வு எது, ஏன்? சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? இன்னும் ஆறு வேண்டுமா? மூவர் வேண்டும் என்றால் தொடருங்கள்.